மாவுக்கட்டு

சேலம் பெரியாஸ்பத்திரியில்
எலும்புப் பிரிவுக்குப் பின்னால்
ஒற்றை ஜன்னல் வைத்த அறை என்னுடையது.
வாளி, வெதுவெதுப்பான தண்ணீர், துணிச்சுருள்,
இருபத்திரண்டு வருடமாய் நகக்கண்ணை விட்டுப் போகாத வெள்ளை.
மாமரத்தில் ஏறி விழுந்தவர்கள் வருவார்கள்,
ஏற்காட்டு வளைவில் பைக்கை விட்டவர்கள்,
செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை சரிந்து சிக்கியவர்கள்.
அப்புறம், போலீஸ் ஜீப்பில்,
வழுக்கி விழுந்தவர்கள்.

இவர்கள் படியில் விழுவதில்லை, பள்ளத்தில் விழுவதில்லை.
குளியலறையில்தான் விழுகிறார்கள்.
சீட்டு என் மேசைக்கு வருவதற்குள்
மை காய்ந்திருக்கும்.
நான் டாக்டர் இல்லை.

ஆனால் எலும்புக்கும் ஒரு கையெழுத்து உண்டு.
விழுகிறவன் உள்ளங்கையை ஊன்றுவான்,
பெரும்பாலும் மணிக்கட்டில் உடையும்.
தலைக்கு வருவதைத் தடுக்கிறவன்
முன்கையைத் தூக்குவான்,
நடுவில் உடையும்,
சாக்பீஸ் மாதிரி, குறுக்காக.
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தால்
என் பத்தாம் வகுப்புக்கே தெரிகிறது.

யாரும் கேட்கவில்லை, சொல்லவில்லை.
உண்மைதான்.
யாரும் கேட்காத இடமாகப் பார்த்து
நான் நின்றுகொண்டதும் உண்மை.

மாசியில்
அஸ்தம்பட்டி ரவுண்டானா தாண்டி
மாதேஸ்வரியின் தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு போனார்கள்.
மூன்றே முக்கால் பவுன்.
கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு,
தூங்கும்போதும் அவள் கை அதன் மேலேயே கிடந்தது.
மைத்துனன் குரூப்பில் போட்டான்:
"மாட்டட்டும் மச்சான், உங்க கையாலயே மாவுக்கட்டு."
கீழே சிரிக்கும் பொம்மைகள் பதினேழு.
பதினெட்டாவது நான் போட்டது.

பங்குனியில் அவனைக் கொண்டுவந்தார்கள்.
சபரிவாசன், வயது பத்தொன்பது,
கோரிமேட்டில் கார் கழுவுகிறவன்.
ஏட்டு என் தோளைத் தட்டினார்:
"உங்க வீட்டுக் கேஸ்தான் செங்கோடன்,
நல்லா இறுக்கிக் கட்டுங்க."

இறுக்கினால் விரல் கறுத்துப்போகும்.
நான் இறுக்கவில்லை.
பெருமைக்குச் சொல்லவில்லை,
கை பழகினபடி கட்டியது, அவ்வளவுதான்.
படத்தில் முன்கை, நடுவில், குறுக்காக.

மாவு இறுகும்போது சூடேறும்.
எல்லோருக்கும் முன்னாலேயே சொல்லிவிடுவேன்.
அவனுக்குச் சொல்ல மறந்துபோனேன்.
மறந்தேனா?
"சுடுதுண்ணே" என்று துள்ளினான்,
அடுத்தது ஆரம்பிக்கிறது என்று நினைத்தவன் மாதிரி
முகத்தை மூடிக்கொள்ள
இன்னொரு கையைத் தூக்கினான்.

கட்டின் மேல் தேதி எழுதுவது வழக்கம்.
எழுதினேன்.
அதற்குக் கீழே, வழக்கமில்லாமல்,
பெரிய எழுத்தில்: முன்கை, நடுவில்.
ஏட்டு படித்தார். "இது எதுக்கு?"
"பிரிக்கறப்ப தெரியணும்ல சார்."

சாயங்காலம் மாஜிஸ்திரேட் முன்னால்
அந்தக் கை நின்றிருக்கும்.
யாராவது அடித்தார்களா என்று கேட்டிருப்பார்.
வழுக்கிட்டேன் என்று சொல்லியிருப்பான்.
என் எழுத்து வெளிப்பக்கம் இருந்ததா
உடம்போடு ஒட்டி உள்பக்கம் இருந்ததா,
தெரியாது.

மீட்டதாகக் காட்டினது உருக்கிய ஒரு கட்டி,
ஒன்பது கிராம்.
"கட்டியப் பாத்து என் கொடின்னு எப்படிங்க சொல்றது?"
அன்றைக்கு அவள் பார்த்தது
ஒரு ஹெல்மெட், ஒரு முதுகு.
"அந்தப் பையன்தானா?" என்று என்னைக் கேட்டாள்.
தெரியலை என்றேன்.
"தெரியாமயேவா அவன் கைய..." என்று ஆரம்பித்தவள்
கழுத்தைத் தடவிக்கொண்டு
அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ராத்திரி குளிக்கப் போனேன்.
எங்கள் வீட்டுத் தரையில் பாசி, நிஜமாகவே வழுக்கும்.
கால் போயிற்று.
விழவில்லை.
என்னைக் கேட்காமலே கை முன்னால் போய்
சுவரில் ஊன்றி நின்றது,
ஐந்து விரலும் விரிந்து,
உள்ளங்கை தட்டையாக.
குழாய் ஓடிக்கொண்டிருந்தது.
நான் கையை எடுக்கவில்லை.